டோர்ட்மண்டில் தாழ்ந்த ஜப்பானியக் கப்பல்கள்

கனகலிங்கம் என்று பெயர் சொன்னால் டோர்ட்மண்ட் தமிழரில் பாதிப்பேருக்கு ஆளைத் தெரியாது. "கப்பல்காரன்" என்றால் எல்லாருக்கும் தெரியும். மனுசன் வாழ்நாளில் ஒரு கப்பலிலும் ஏறியதில்லை என்பதுதான் வேடிக்கை. எண்பத்தாறாம் ஆண்டு விமானத்தில் கிழக்கு பெர்லினுக்கு வந்து இறங்கி, ரயில் பிடித்து மேற்குப் பக்கம் வந்து, அகதி என்று எழுதிக் கொடுத்தவர். அன்றிலிருந்து இருபது வருடமாக ஒரு பெட்டித் தொழிற்சாலையில் கடதாசி மட்டை வெட்டும் இயந்திரத்தடியில் நிற்கிறார். யாழ்ப்பாணத்தில் படவரைஞராகப் படித்துத் தேறிய ஆள். அந்தச் சான்றிதழை இங்கே வேலை தேடித் தரும் அரசாங்கக் கந்தோரில் காட்டியபோது, அங்கிருந்த மனுசி அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுத்து வடிவாக இருக்கிறது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாளாம்.

படிப்பைத் திருப்பிக் கொடுக்கலாம், கையை என்ன செய்வது? தொழிற்சாலையில் வெட்டி மிஞ்சும் மட்டைத் துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து கனகலிங்கம் கப்பல் செய்யத் தொடங்கினார். அதிலும் சும்மா கப்பலில்லை. ஜப்பான்காரர் கட்டத் திட்டம் போட்டுவிட்டுக் கட்டாமலே விட்ட போர்க்கப்பல்கள். உலகத்தில் ஓடின கப்பல் எத்தனையோ கிடக்க, ஓடாத கப்பலோடு ஏன் இந்த மினக்கேடு என்று அவருடைய மனைவி நேசமலர் கேட்காத கிழமை கிடையாது. மகள் ஆரணி சின்னப்பிள்ளையாக இருக்கும்போது ஒருநாள் அதையே கேட்டாள்.

"கட்டின கப்பலெல்லாம் கடைசியிலை கடலுக்குள்ளை தாண்டு போச்சு, பிள்ளை" என்றார். "ஒவ்வொண்டுக்குள்ளையும் ஆயிரக்கணக்கிலை சனம். இது கட்டேல்லை. அதாலை தாழவுமில்லை. இதுக்குள்ளை ஒரு தாயின்ரை பிள்ளையும் சாகேல்லை."

இருபதுகளில் வல்லரசுகள் கூடி ஒப்பந்தம் எழுதியபோது ஜப்பான் கைவிட்ட கப்பல்கள் உண்டு. அவற்றில் நான்கைச் செய்து, வார்னிஷ் பூசி, இருப்பறை அலுமாரிக்கு மேலே வரிசையாக வைத்திருந்தார். ஐந்தாவதுதான் அவருடைய உயிரை வாங்கியது. இரண்டாம் உலகப்போருக்குச் சற்று முன்னர், உலகத்திலேயே பெரிய போர்க்கப்பலான யமாத்தோவையும் மிஞ்ச வேண்டும் என்று ஜப்பான்காரர் ஒன்றைக் கீறினார்கள். பீரங்கியின் வாய் மட்டும் ஐம்பத்தொரு சென்ரிமீற்றர். கட்டவில்லை. போர் முடிகிற நேரம் அதன் படங்களையும் அழித்துவிட்டார்கள். படமே இல்லாத கப்பலை எப்படிச் செய்வது?

விடுகிற ஆளா கனகலிங்கம்? ஜப்பானில் வருகிற ஒரு கப்பல் சஞ்சிகைக்கு ஆரணியைக் கொண்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவித்தார். ஆறு மாதம் கழித்துப் பதில் வந்தது. சஞ்சிகையிடமிருந்து அல்ல, கூரே என்ற துறைமுக நகரத்திலிருந்து, ஹிரோத்தா என்ற கிழவரிடமிருந்து. இளவயதில் கடற்படையின் வரைபட அறையில் படங்களைப் பிரதி எடுத்தவராம். அந்தக் கப்பலின் தாள்கள் அவர் கையால் போனவையாம். ஞாபகத்தில் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீறி அனுப்புகிறேன், அவசரப்படுத்தக் கூடாது என்று எழுதியிருந்தார்.

ஏழு வருடமாக அந்தப் போக்குவரத்து நடந்தது. கிழவர் ஒரு தாள் அனுப்புவார். கனகலிங்கம் அந்தப் பகுதியைச் செய்து படம் பிடித்து அனுப்புவார். "மூன்றாவது தளத்தின் ஏணி இடப்பக்கம்" என்று கிழவர் திருத்துவார். இவர் வெட்டி எடுத்து மறுபடி ஒட்டுவார். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு வைகாசி மாதம் பார்க்கும்போது, மற்ற நான்கோடு அலுமாரிக்கு மேலே நின்ற, ஒரு மீற்றரை விடச் சற்று நீளமான அந்தக் கப்பலில் முன்பக்கம் மட்டும்தான் மிச்சம். கிழவருக்கு எண்பத்து மூன்று வயது. கடைசித் தாள்களை ஒரேயடியாக அனுப்புகிறேன், முடிந்ததும் முழுக் கப்பலையும் ஒருதரம் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டில் வேறொரு காரியமும் கழுத்தளவில் நின்றது. ஆரணி இலண்டனில் மொழிபெயர்ப்புப் படிக்க இடம் எடுத்திருந்தாள். ஜேர்மனியில் பிறந்த பிள்ளைதான், ஆனாலும் கையில் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கிற நீலப் பயணப்பத்திரம். ஒருமுறை பள்ளிக்கூடத்தோடு இலண்டன் போக வெளிக்கிட்டு, விசா நேரத்துக்கு வராமல், முழு வகுப்பும் போக இவள் மட்டும் வீட்டில் இருந்து அழுதாள். அந்த அழுகை நேசமலரின் காதில் இன்னும் கிடந்தது. மூன்று பேருக்கும் ஜேர்மன் பிரஜாவுரிமை கேட்டுப் போட்ட அன்ட்ராக் என்ற விண்ணப்பம் இரண்டு வருடமாக எங்கோ ஒரு மேசையில் இருந்தது. புரட்டாதிக்கு முன்னர் வராவிட்டால் பிள்ளையின் இடம் போய்விடும்.

வைகாசி முடிவில் ஊரில் ஆமியோடு சண்டை பிடிக்கிற இயக்கத்தை ஐரோப்பா முழுவதிலும் தடை செய்தார்கள். ஆனி பதின்மூன்றாம் திகதி கனகலிங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ஜப்பானிலிருந்து உங்களுக்கு வந்த பொதி சுங்கக் கந்தோரில் இருக்கிறது, இருபத்திரண்டாம் திகதிக்குள் அடையாள அட்டையோடு நேரில் வரவும், உங்கள் முன்னிலையில் திறந்து பார்க்கப்படும் என்று இருந்தது. கீழே 'உள்ளடக்கம்' என்ற இடத்தில் தட்டச்சில் இரண்டே சொல்: வரைபடங்கள், போர்க்கப்பல்.

"எல்லாப் பார்சலுக்கும் உப்பிடித்தான் எழுதுறவை, அப்பா" என்றாள் ஆரணி. "போய் எடுத்துக்கொண்டு வாங்கோ."

நேசமலருக்கு அது போதவில்லை. சனத்துக்கு ஜேர்மன் கடிதம் வாசித்துச் சொல்வதையே தொண்டாகச் செய்கிற நடேசனிடம் கடிதத்தைக் கொண்டு ஓடினாள். நல்ல மனுசன்தான், பொய் சொல்ல மாட்டார். ஆனால் ஒரு கடிதத்தில் நல்ல சேதி இருந்தாலும் அதற்குள் கெட்ட சேதி ஒன்றைத் தேடிப் பிடிக்காமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்ற மாட்டார். அன்று பின்னேரமே அவர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"தம்பி, நான் பயப்படுத்த வரேல்லை" என்று தொடங்கினார். "அன்ட்ராக் போட்ட ஆக்களைப் பற்றிப் பாதுகாப்புப் பிரிவிட்டைக் கேட்டு எழுதுறவங்கள் எண்டு உனக்குத் தெரியும்தானே? இப்ப தடையும் வந்திட்டுது. எங்கடை கடலிலை நடக்கிற சண்டை பேப்பரிலை வருது. அந்த நாட்டுத் தமிழனுக்குப் போர்க்கப்பல் படம் வருது. பொலிஸ்காரன் வீட்டுக்கு வந்து பாத்தா, அலுமாரிக்கு மேலை ஐஞ்சு கப்பல் நிக்குது. நீ என்ன சொல்லுவாய்?"

"அண்ணை, உது மட்டைக் கப்பல்! எழுபது எண்பது வருசத்துக்கு முந்தி ஜப்பான்காரன் கீறினது!"

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியுமோ?"

தேநீரைக் குடித்துவிட்டு அவர் போய்விட்டார். அவர் வைத்துவிட்டுப் போன கேள்வி வீட்டில் குந்திக்கொண்டது. கனகலிங்கம் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. தொழிற்சாலையில் இரண்டு தடவை மட்டையைத் தலைகீழாக வைத்து மேலாளரிடம் ஏச்சு வாங்கினார். வாசல் மணி அடித்தால் நேசமலர் முதலில் அலுமாரிக்கு மேலே பார்ப்பாள், பிறகுதான் கதவைப் பார்ப்பாள். வெளியே ஊரெல்லாம் உலகக்கிண்ணக் கொண்டாட்டம். கார்களில் கொடி, யன்னல்களில் கொடி, சின்னப்பிள்ளையின் கன்னத்திலும் கொடி. தெருவில் ஆரும் சத்தம் போட்டால் இந்த வீட்டில் இரண்டு பேர் திடுக்கிட்டார்கள்.

வெளியில் நின்று பார்க்கிறவர்கள் சிரிக்கலாம். அவர்களுடைய வீட்டில் ஆமிக்காரன் தேடுதலுக்கு வந்திருக்க மாட்டான். எண்பத்து நான்கில் கனகலிங்கத்தின் பக்கத்து வீட்டுப் பெடியன் ஒரு தாளுக்காகப் பிடிபட்டுப் போனான். விளையாட்டுப் போட்டிக்கு மைதானம் அளந்து கீறிய தாள். ஆள் திரும்பி வரவில்லை. அன்றைக்கே கனகலிங்கம் தன்னுடைய கல்லூரிப் படங்கள் அத்தனையையும் கிணற்றடியில் போட்டுக் கொளுத்தினார், அதில் ஒரு வள்ளத்தின் குறுக்குவெட்டுப் படம் இருந்தது என்பதற்காக. நேசமலரின் வீட்டிலும் அப்படித்தான், அல்பம் அல்பமாக எரித்தார்கள். ஆர் வரப்போகிறான் என்று தெரிந்தால் கடதாசியை இல்லாமல் பண்ண வேண்டும். அது அந்தச் சனத்துக்குக் கையோடு வந்த பழக்கம். இருபது வருடம் டோர்ட்மண்டில் இருந்தாலும் கை மறக்கவில்லை.

பதினேழாம் திகதி சனிக்கிழமை காலை, ஆரணி சிநேகிதிகளோடு வெளியே போன பிறகு, நேசமலர் மெதுவாகக் கேட்டாள்.

"என்னப்பா, அவங்கள் வர முதல் உதுகளை எடுத்துப் போடுவமே?"

கனகலிங்கம் எழும்பிப் போய்க் கதிரையை இழுத்து அலுமாரிக்குப் பக்கத்தில் போட்டார்.

எரிக்க ஏலாது. பல்கனியில் புகை வந்தால் ஐந்து நிமிடத்தில் தீயணைப்புக்காரன் வந்துவிடுவான். முழுசாகக் குப்பைக்குள் போட்டால் ஆரும் கண்டுவிடுவான். கடைசியில் குளியல் தொட்டியில் சுடுதண்ணீர் நிறைத்தார்கள், ஊறவைத்துக் கூழாக்கிப் போடலாம் என்று. படங்கள், கிழவரின் கடிதங்கள், புகைப்படங்கள் எல்லாம் முதலில் போயின. அவை சொன்னபடி கேட்டன. பிறகு கப்பல்களைக் கொண்டு வந்தார்கள். முதல் கப்பலைத் தண்ணீரில் விட்டதும் அது அழகாக மிதந்தது. அவ்வளவு வருடமும் தண்ணீரே காணாத கப்பல், சவர்க்காரத் தட்டுக்குப் பக்கத்தில் நேராக நிமிர்ந்து நின்றது.

நேசமலர் ஒரு கையால் அமத்தினாள். கையை எடுத்ததும் மறுபடி மேலே வந்தது.

"என்னப்பா இது, தாழுதில்லை?"

"தாழாத மாதிரித்தான் கட்டினனான்" என்றார் கனகலிங்கம்.

வார்னிஷைத் தாண்டித் தண்ணீர் போகவில்லை. கடைசியில், அந்தக் கப்பல்களைச் செய்த அதே வெட்டுக்கத்தியை எடுத்துவந்து, ஒவ்வொன்றின் அடியிலும் அவரே கீறினார். கீறின இடத்தால் தண்ணீர் ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது தொட்டிக்கு அளவெடுத்துச் செய்ததுபோல நீளப்பாட்டுக்குச் சரியாக இருந்தது. முன்பக்கம் இல்லாதபடியால் அதற்குக் கத்தி தேவைப்படவில்லை, முகம் குப்புறத் தானாகவே போய்விட்டது. கனகலிங்கம் தொட்டி விளிம்பில் இருந்து விக்கி விக்கி அழுதார். நேசமலர் அவருடைய முதுகைத் தடவிக்கொண்டு, "எனக்குப் பயமாக் கிடந்தது, நான் என்ன செய்ய, எனக்குப் பயமாக் கிடந்தது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அழுகையை முடிக்கக்கூட விடவில்லை ஜேர்மனி. கூழை நான்கு பைகளில் கட்டி, கடதாசிக்குரிய நீலத் தொட்டிக்குள் போடக் கொண்டுபோனால், கீழ்வீட்டுக் கோவால்ஸ்கி அம்மா யன்னலைத் திறந்துவிட்டாள். ஈரக் கடதாசி நீலத் தொட்டிக்குள் போகக்கூடாதாம்.

"அது சரி, என்ன அது?" என்று எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

கனகலிங்கம் பையின் வாயை இறுக்கிப் பிடித்தார். "பழைய பெட்டிகள்" என்றார்.

"பழைய பெட்டிகளை ஏன் குளிப்பாட்டினீர்கள்?" என்றாள் கிழவி. அவர் பைகளைப் பொதுக் குப்பைக்குரிய கறுப்புத் தொட்டிக்குள் போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகப் படியேறினார்.

பின்னேரம் ஆரணி வந்தாள். அலுமாரியைப் பார்த்தாள். குளியலறைக்குப் போய்த் தொட்டியில் ஒட்டியிருந்த சாம்பல் நிறக் கூழைப் பார்த்தாள். திரும்பி வந்து தகப்பனுக்கு முன்னால் நின்றாள்.

"அப்பா, உங்களுக்கு என்ன விசரா? ஆர் கேட்டவை? ஒருத்தராவது கேட்டவையா?"

"கேட்ட பிறகு செய்ய ஏலாது, பிள்ளை."

"எனக்காகவோ செய்தனீங்கள்?"

அவர் குனிந்து நிலத்தில் கிடந்த மட்டைத் துண்டு ஒன்றைப் பொறுக்கினார். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று அந்த வீட்டில் ஒருவரும் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை.

இருபத்திரண்டாம் திகதிவரை கனகலிங்கம் இழுத்தடித்தார். கடைசிநாள் காலை, கலியாணத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். சொல்ல வேண்டியதைக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் பத்துத் தரம் சொல்லிப் பார்த்திருந்தார். அன்றைக்கென்று டோர்ட்மண்டில் ஜப்பானுக்கும் பிரேசிலுக்கும் விளையாட்டு. ட்ராம் நிறைய நீலச் சட்டை போட்ட ஜப்பான்காரர். ஆளுக்கொரு கொடியும் கையுமாகக் காலையிலேயே பாடிக்கொண்டு வந்தார்கள். எனக்கென்று எங்கிருந்தடா வந்து சேர்ந்தீர்கள் என்று நினைத்துக்கொண்டு, அவர்களுக்கு நடுவில் கோட்டோடு வியர்த்துக்கொண்டு நின்றார்.

சுங்கக் கந்தோரில் இளம் பெண் ஒருத்தி இருந்தாள். அடையாள அட்டையைப் பார்த்தாள். நீளமான குழாய்ப் பெட்டி ஒன்றைக் கொண்டு வந்து மேசையில் வைத்து, நாடாவை வெட்டச் சொன்னாள். கனகலிங்கம் வெட்டப் போகக் கத்தரிக்கோல் இரண்டு தடவை வழுக்கியது. அவளே வாங்கி வெட்டினாள். உள்ளே சுருட்டியிருந்த தாள்களில் ஒன்றை எடுத்து விரித்தாள். கப்பலின் முன்பக்கம், பென்சிலால், மயிர்க்கோடு மயிர்க்கோடாக.

"அட! கையாலேயே கீறியதா?" என்றாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "நீங்கள் இதைக் கட்டுகிறீர்களா?"

பத்துத் தரம் சொல்லிப் பார்த்த பொய் வாயில் தயாராக இருந்தது. "இல்லை. நான் ஒன்றும் கட்டுவதில்லை. இது வேறொருவருக்கு" என்றார்.

"அடடா, நான் பார்க்க ஆசைப்பட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு முத்திரையைக் குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். எல்லாமாக நான்கு நிமிடம் போயிருக்காது.

திரும்பி வரும்போது ட்ராமில் இடம் கிடைத்தது. குழாய்க்குள் கையை விட்டுக் கடிதத்தை எடுத்தார். ஆங்கிலத்தில் பெரிய பெரிய எழுத்தாக இருந்தது, கனகலிங்கத்துக்கே விளங்கக்கூடிய ஆங்கிலம்.

'இதுவரை உங்களிடம் ஒன்றைச் சொல்லவில்லை. நாற்பத்தைந்தாம் ஆண்டு ஆவணி மாதம் படங்களை எரிக்கச் சொல்லிக் கட்டளை வந்தது. இந்தக் கப்பலின் தாள்களை என் கையால்தான் நெருப்பில் போட்டேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கப்பலுக்காக நான் துக்கப்படவில்லை, அது கட்டப்படாதது நல்லதே. ஆனால் அத்தனை பேர் இரவு பகலாகக் கீறிய கோடுகள் அவை. என் கை செய்த பாவத்தை உங்கள் கை திருத்துகிறது. உங்கள் படங்களைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எனக்கு நீண்ட காலம் இல்லை என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். முடிந்த கப்பலின் படத்தை அனுப்புங்கள்.'

எதிரே இருந்த நீலச்சட்டைப் பெடியன் ஒருவன் உறையில் இருந்த ஜப்பானிய எழுத்தைக் கண்டுவிட்டு, சந்தோசமாகத் தலை குனிந்து வணக்கம் சொன்னான். கனகலிங்கமும் குனிந்தார். குனிந்த தலை வீட்டுத் தரிப்பிடம் வரும்வரை நிமிரவில்லை.

"என்னவாம்? என்ன கேட்டவங்கள்?" என்று நேசமலர் வாசலிலேயே மறித்தாள்.

"ஒண்டும் கேக்கேல்லை" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கிழவருக்கு எழுதவில்லை. என்னத்தை எழுதுவது? குழாய்ப் பெட்டி கட்டிலுக்குக் கீழே கிடந்தது. தொழிற்சாலையில் மட்டைத் துண்டு வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றார். ஆடியில் ஜப்பானிலிருந்து ஒரு தபாலட்டை வந்தது. அதில் ஒரே வரி: 'பொதி கிடைத்ததா?' அதை மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

ஆவணி நடுவில் நகரசபையிலிருந்து அழைப்பு வந்தது. மூன்று பேரும் போனார்கள். அங்கிருந்த அதிகாரி ஒரு வாக்கியத்தை வாசிக்கச் சொன்னார், கையெழுத்து வாங்கினார், கைகொடுத்தார், மூன்று சான்றிதழைத் தந்தார். சுங்கம் பற்றி இல்லை, ஜப்பான் பற்றி இல்லை, கப்பல் என்ற சொல்லே வரவில்லை. வெளியே வந்ததும் நேசமலர் ஆரணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தெருவென்றும் பாராமல் அழுதாள். வீட்டுக்கு வந்து கேசரி கிண்டினாள். நடேசன் தொலைபேசி எடுத்து, "நான் அப்பவே சொன்னனான், ஒண்டும் நடக்காதெண்டு" என்றார். அவர் அப்படிச் சொன்னதாக இந்த வீட்டில் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

கேசரிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, கனகலிங்கம் மகளைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, அந்த மனுசனுக்கு ஒரு கடிதம் எழுத வேணும்."

ஆரணி பேனையும் தாளும் எடுத்துக்கொண்டு வந்து முன்னால் இருந்தாள். தகப்பனின் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, கப்பல் இன்னும் முடியேல்லை எண்டு எழுதுவம். வருத்தக்கார மனுசன், பாவம். உண்மையைச் சொல்லி என்ன பிரயோசனம்?"

"இல்லை. நான் சொல்லச் சொல்ல எழுது."

மேசையில் இருந்த சான்றிதழைப் பார்த்தார். பிறகு சொல்லத் தொடங்கினார்.

"ஐயா, பொதி கிடைச்சது. கப்பல் இல்லை. நீங்கள் செய்த மாதிரியே நானும் செய்துபோட்டன், என்ரை கையாலை, தண்ணியிலை. நீங்கள் உங்களைக் குறை சொல்லாதையுங்கோ. உங்களுக்குக் கட்டளை வந்தது. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

பேனை நின்றது. ஆரணி நிமிர்ந்து பார்த்தாள்.

"இதை அப்பிடியே எழுதவோ, அப்பா?"

"ஓம். அப்பிடியே எழுது" என்றார் கனகலிங்கம்.